தருமபுரி மாதிரி ஊர்ல மளிகை வாங்குறது ஏன் இவ்ளோ கஷ்டம், என்ன பண்ணலாம்?

கேட்டவங்க சொன்னத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. வீட்டுக்காரருக்கு மாறுதல் ஆகி சென்னையிலருந்து தருமபுரிக்கு வந்திருக்காங்க, கூட சுகர் இருக்குற மாமியாரும் இருக்காங்க. ஒரு மாச லிஸ்ட்ட முடிக்க நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கு, வீட்டுக்கு வந்து பிரிச்சா ரெண்டு பாக்கெட் தேதி முடிஞ்சது, தக்காளி விளையுற ஊர்னு பேரு ஆனா தெருமுனைக் கடையில இருக்குறது நசுங்கினதும் சொத்தையும், ஆப்ல போட்டா உங்க பின்கோடுக்கு டெலிவரி கிடையாதுன்னு வருது. பேசாம மாசம் ஒரு தடவ சேலமோ பெங்களூரோ போய் மொத்தமா அள்ளிட்டு வந்துடலாமான்னு கேக்குறாங்க.

நான் இதே ஊர்ல ரொம்ப வருஷம் ஏஜென்சில ஆர்டர் எடுக்குற சேல்ஸ்மேனா இருந்தவன். பென்னாகரம் லைன், பாலக்கோடு லைன், அரூர் லைன் எல்லாம் சுத்தியிருக்கேன் (லைன்னா சேல்ஸ்மேன் கடை கடையா ஆர்டர் எடுக்க சுத்தற ரூட்டு), இப்ப சொந்தமா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கேன். அதனால கல்லாவுக்கு ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு தெரியும். உங்க கோவம் நியாயமானது. ஆனா கடைய மாத்தி மாத்திப் பாக்குறதால பெருசா ஒண்ணும் மாறாது, ஏன்னா எல்லா கடைக்கும் சரக்கு ஒரே வழியிலதான் வருது. இந்த ஊர்ல எந்தக் கடைன்னு பாக்குறத விட எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த மாசம்னு பாத்து வாங்க ஆரம்பிச்சீங்கன்னா பாதி கஷ்டம் தீந்துடும். மிச்ச பாதி கடைக்காரங்க பண்ற தப்பு, அத சின்ன ஊருன்னு சொல்லி விடவே கூடாது, அதையும் கீழ சொல்றேன்.

சரக்கு எப்படி வருதுன்னு முதல்ல பாப்போம். பருப்பு, மிளகா, மல்லி, பூண்டு மாதிரி மூட்டைச் சரக்கு பெரும்பாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்துலருந்து ஏறி வருது. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் பக்கம் போகப் போக பெங்களூர் சரக்கும் கலக்கும். அந்த சேலத்துக்காரங்களுக்கே துவரை கர்நாடகாவுல கலபுரகி பக்கம், மகாராஷ்டிராவுல லத்தூர் பக்கத்துலருந்து வரணும், பத்தாததுக்கு பர்மா, மொசாம்பிக், தான்சானியான்னு கப்பல்ல வருது. பூண்டு மத்தியப் பிரதேசத்துல மந்த்சௌர், நீமுச் பக்கம். பெரிய வெங்காயம் நாசிக். அதனால இதெல்லாம் தருமபுரில மலிவா கிடைக்கணும்னு எதிர்பாக்க முடியாது, சேலத்து விலைக்கு மேல வண்டி வாடகையும் ஏத்துக்கூலி இறக்குக்கூலியும் சேரும்.

பாக்கெட் சரக்கு கதை வேற. சோப்பு, பிஸ்கட், டீத்தூள், பேஸ்ட் எல்லாம் கம்பெனி வாரியா ஏஜென்சி இருக்கும். அந்த ஏஜென்சி ஆளு உங்க தெருப் பக்கம் வாரத்துல ஒரு நாள்தான் வருவாரு, ஆர்டர் எடுப்பாரு, சரக்கு மறுநாளோ அதுக்கு மறுநாளோ வண்டில வந்து இறங்கும். ஒரு சின்ன கடைக்கு இந்த மாதிரி நெறைய ஏஜென்சி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிழமை. செவ்வாக்கிழமை ஒரு கம்பெனி வரும்னா திங்கக்கிழமை அந்த ரேக்ல ஒண்ணுமிருக்காது. நீங்க திங்கக்கிழமை போய் கேட்டா இல்லம்பாங்க, பக்கத்துக் கடைக்குப் போனா அங்கயும் இல்லம்பாங்க, ஏன்னா அவங்களுக்கும் அதே ஆளு அதே செவ்வாய்தான் வரணும். நீங்க நாலு கடை ஏறுறதுக்குக் காரணம் இதுதான். கடைக்காரர் கிட்ட ஒரு தடவ "அண்ணா, இந்த கம்பெனி லைன் என்னைக்கு வருது?"ன்னு கேட்டுப் பாருங்க, எந்தக் கடைக்காரரும் மறைக்க மாட்டாரு, சொல்லுவாரு. அத ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு லிஸ்ட்ட ரெண்டாப் பிரிச்சுட்டீங்கன்னா அலைச்சல் குறைஞ்சிடும்.

இன்னொண்ணு, பணம். சின்ன கடைக்கு ஏஜென்சி ஒரு வாரமோ பத்து நாளோ கடன் குடுக்கும், பழைய பில்லு கட்டினாத்தான் புது சரக்கு. ஊர் ஜனங்க கணக்கு நோட்டுல எழுதி வச்சுட்டு சம்பளம் வந்ததும் 5ம் தேதி 10ம் தேதிக்குள்ள குடுப்பாங்க. அதனால மாசக் கடைசி வாரத்துல கடையில பணம் இருக்காது, ரேக்கும் காலியா இருக்கும். சென்னைல மாசக் கடைசில கூட்டம் இல்லாம நிம்மதியா வாங்கிப் பழகினவங்க இங்க வந்து 28ம் தேதி லிஸ்ட் எடுத்துட்டுப் போனா பாதிதான் கிடைக்கும். 1ம் தேதியிலருந்து 5 வரைக்கும் கூட்டம் சாகடிக்கும். 6க்கு மேல 12க்குள்ள போங்க, சரக்கும் புதுசா இருக்கும், கடைக்காரருக்கும் உங்ககிட்ட நின்னு பேச நேரம் இருக்கும்.

தேதி முடிஞ்ச பாக்கெட் விஷயத்துக்கு வர்றேன், இது எனக்கு உண்மையாவே எரிச்சல் வர்ற விஷயம். ஓட்ஸ், பாஸ்தா, சாஸ், சீஸ், கார்ன்ஃப்ளேக்ஸ் இதெல்லாம் இங்க மெதுவா ஓடற சரக்கு. மாசம் மூணு நாலு பாக்கெட் போற இடத்துல சேல்ஸ்மேன் டார்கெட் முடிக்கணும்னு மாசக் கடைசில ஸ்கீம் சொல்லி ஒரு பெட்டியத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவாரு. சில கம்பெனி தேதி முடியறதுக்கு முன்னாடி குடுத்தா திருப்பி எடுத்துக்கும், சிலது டேமேஜ் மட்டும்தான் எடுக்கும், எக்ஸ்பைரி எடுக்காது. அப்ப அந்த நஷ்டம் கடைக்காரர் தலைல. அவரு பாக்கெட்ட தூக்கிப் போட மனசு வராம ரேக்ல பின்னாடி தள்ளி வச்சுடுவாரு, ஒரு நாள் பையன் எடுத்து உங்க பையில போட்டுடுவான். காரணம் புரியுது, ஆனா காலாவதி தேதி தாண்டின சாப்பாட்டுப் பொருள விக்குறது சட்டப்படி குத்தம், அவரு நஷ்டத்த உங்க வயித்துல இறக்குறதுக்கு அவருக்கு உரிமை கிடையாது. என் கடையில மாசம் ஒரு நாள் ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்து தேதி பாத்து, முடியப் போறத முன்னாடி அடுக்கி விலை குறைச்சு எழுதி வைப்போம், முடிஞ்சத தனிப் பெட்டில கட்டிடுவோம். பெரிய வேலையே இல்ல இது, மனசு இருந்தா போதும்.

நீங்க பண்ண வேண்டியது, லிஸ்ட்ட நீட்டிட்டு ஓரமா நிக்காதீங்க. இங்க பெரும்பாலான கடையில நீங்க உள்ள போய் எடுக்க முடியாது, அவங்களே எடுத்துப் போடுவாங்க. பையில போடறதுக்கு முன்னாடி மேசை மேல வைக்கச் சொல்லுங்க. மெதுவா ஓடற சரக்குக்கு மட்டும் தேதி பாத்தா போதும், உப்பு பாக்கெட்டுக்கும் சர்க்கரைக்கும் நின்னு பாத்துட்டு இருக்கத் தேவையில்ல. அதே நேரத்துல பேரையும் நல்லாப் பாருங்க. நல்லா ஓடற டீத்தூள், சோப்பு மாதிரியே அதே கலர்ல அதே எழுத்துல ஒரு எழுத்து மாத்தி வர்ற சரக்கு கிராமத்து லைன்ல நெறைய சுத்துது, கடைக்காரருக்கு அதுல லாபம் கூட. ஐஸ்கிரீம், பன்னீர், வெண்ணெய் வாங்குறீங்கன்னா அந்தக் கடை ராத்திரி ஃப்ரிட்ஜ நிறுத்தறாங்களான்னு ஒரு கண்ணு வைங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தற கடை இருக்கு. ஐஸ்கிரீம் டப்பா மூடிய திறந்தா உள்ள பனிமுள்ளா இருந்தாலோ கப் ஒரு பக்கமா சாஞ்சு உறைஞ்சிருந்தாலோ அது ஒரு தடவ உருகி மறுபடி உறைஞ்சது. அந்தக் கடையில பால் சம்பந்தப்பட்டது எதுவும் வாங்காதீங்க.

இப்ப தக்காளி. பாலக்கோடு, ராயக்கோட்டை ரெண்டுமே தமிழ்நாட்டுல பேர் சொல்ற தக்காளி மார்க்கெட். அப்படியிருந்தும் உங்க தெருவுல ஏன் சொத்தை? ஏன்னா நல்ல தக்காளி ஊருக்குள்ள வர்றதே இல்ல. தோட்டத்துலருந்து பெட்டியில அடுக்கி மார்க்கெட்டுக்குப் போகுது, அங்க ஏலம், வெளியூர் வியாபாரிங்க கெட்டியா, ஒரே சைஸா, அரைப்பழமா இருக்குறத எடுத்து லாரில ஏத்திடறாங்க, ஏன்னா அது சென்னைக்கோ கேரளாவுக்கோ போய் சேர்ற வரைக்கும் தாங்கணும். நல்லாப் பழுத்தது, பொடிசு, லேசா அடிபட்டது லோக்கலுக்கு. தெருக் கடைக்காரர் அதுலயும் மூணாவது கைல வாங்கறாரு. விலையும் அப்படித்தான், 2023 ஜூலைல நாடு பூரா கிலோ 100 ரூபாயத் தாண்டினப்போ இங்கயும் தாண்டுச்சு, இங்க விளையுதுங்கறதுக்காக யாரும் குறைச்சுக் குடுக்கல. வேற மாசத்துல பறிப்புக் கூலிக்கே கட்டுப்படியாகாம விவசாயிங்க ரோட்டோரம் கொட்டின காட்சியும் நடந்திருக்கு, அப்பவும் தெருக் கடையில விலை உடனே இறங்காது. விவசாயிக்கு 5 ரூபா, உங்களுக்கு 25 ரூபா, இடைல நிக்கிறது யாருன்னு யோசிச்சா வயிறு எரியும்.

இதுக்கு இருக்குற ஒரே நல்ல வழி உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ல கலைஞர் மதுரைல ஆரம்பிச்சு வச்ச திட்டம், நம்ம பக்கம் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஓசூர் எல்லாத்துலயும் இருக்கு. அடையாள அட்டை இருக்குற விவசாயிதான் உள்ள கடை போட முடியும், கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலயே குடுப்பாங்க. விலை தினமும் காலைல நிர்ணயம் பண்ணி போர்டுல எழுதுவாங்க, மொத்த மார்க்கெட் விலைக்கு சுமார் 20 சதவீதம் மேல, சில்லறை விலைக்கு சுமார் 15 சதவீதம் கீழன்னு ஒரு கணக்கு. போர்டு விலைக்கு மேல ஒருத்தர் சொன்னா உள்ளயே ஆபீஸ் இருக்கு, போய் சொல்லலாம். ஆனா நேரம் முக்கியம். காலைல 6லருந்து 7க்குள்ள போனீங்கன்னா அன்னைக்கு விடியக்காலைல பறிச்ச கீரையும் அவரையும் கத்திரியும் கிடைக்கும், 9 மணிக்கு மேல போனா மிச்சம்தான், அதுக்குள்ள பாதி பேரு சாக்க மடிச்சுட்டு பஸ் ஏறிடுவாங்க. சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு காய் வாங்கறதுங்கற பழக்கத்த இங்க வந்ததும் விட்டுடணும். வாரத்துல ரெண்டு காலை போதும். வீட்டுலயே உக்காந்து விலை தெரிஞ்சுக்கணும்னா அரசாங்கத்தோட உழவன் ஆப்ல சந்தை விலை பகுதி இருக்கு.

வாரச்சந்தைகளும் இருக்கு. போச்சம்பள்ளில ஞாயித்துக்கிழமை, காரிமங்கலத்துல செவ்வாக்கிழமை, குந்தாரப்பள்ளில வெள்ளிக்கிழமை. இதுல ஆடு மாடு வியாபாரம்தான் பெருசு, ஆனா ஓரத்துல கொள்ளு, அவரைக்கொட்டை, காஞ்ச மிளகா, தேங்காய், கருவாடு எல்லாம் நேரா காட்டுக்காரங்க, அதாவது விவசாயிங்க, கொண்டு வந்து குவிச்சு விப்பாங்க. கிருஷ்ணகிரி பக்கம் போனீங்கன்னா சந்தையில பாதி பேரு தெலுங்கும் கன்னடமும் பேசுவாங்க, பயப்படாதீங்க, தமிழும் எல்லாருக்கும் தெரியும். சந்தைல பேரம் பேசலாம், ஆனா தலைல கூடை தூக்கிட்டு வந்த ஆயா கிட்ட ரெண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நிக்காதீங்க, மனசு கேக்காது.

காய் விலைக்கு இன்னொரு கணக்கு இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு இது சட்டுனு பிடிபடாது. டெய்லி காலண்டர்ல முகூர்த்த நாள் பாருங்க. வளர்பிறை முகூர்த்தம் ரெண்டு மூணு சேர்ந்து வந்தா அதுக்கு முந்தின நாளே வாழை இலை, தேங்காய், முருங்கை, பீன்ஸ், பூ எல்லாம் ஏறிடும். அமாவாசைக்கு வாழைக்காய், பூசணி, எலுமிச்சை. ஆடி 18க்கு ஒகேனக்கல் கூட்டம் வர்றதால பூஜை சாமான், பழம் எதையும் தொட முடியாது. பெருசா காய் வாங்கறத முகூர்த்தம் முடிஞ்ச மறுநாளுக்குத் தள்ளி வச்சா கல்யாணத்துக்குன்னு வந்து மிஞ்சினது மலிவா கிடைக்கும், ஆனா பாத்து எடுக்கணும், ஒரு நாள் பழசா இருக்கலாம். முட்டைக்கு நாமக்கல்ல தினமும் பண்ணை விலை அறிவிக்கிறாங்க, பேப்பர்லயே வரும், அதுக்கு மேல ஒரு ரூபா வரைக்கும் இருந்தா நியாயம், ரெண்டு ரூபாயத் தாண்டினா கேளுங்க.

அடுத்தது எந்த மாசம் எத வாங்கணும்ங்கறது. சென்னைல இருந்து வந்தவங்க இத சொல்லி நான் பாத்ததே இல்ல, ஆனா நம்ம மாவட்டத்துல குடியிருக்குறதுல உள்ள பெரிய லாபமே இதுதான். ராகி இங்க மானாவாரியா விளையுது, ஆடி ஆவணில விதைச்சது கார்த்திகை, மார்கழில அறுவடை. தை மாசம் காட்டுக்காரங்க கிட்டயோ சந்தையிலயோ ராகிய முழுசா வாங்கி, கல்லு மண்ணு புடைச்சு, கழுவி நல்லாக் காயவச்சு மாவு மில்லுல குடுத்து அரைங்க. அரசாங்கம் 2025-26க்கு அறிவிச்ச ஆதார விலையே குவிண்டாலுக்கு 4,886 ரூபா, அதாவது கிலோ 49 ரூபாய்க்கு உள்ள. பாக்கெட் ராகி மாவு என்ன விலைன்னு நீங்களே ஒரு தடவ பாருங்க. அதோட தருமபுரி மாவட்டத்துல 2023 மே மாசத்துலருந்து ரேஷன் கடையில 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்குறாங்க, நீலகிரிக்கும் நமக்கும்தான் முதல்ல குடுத்தாங்க. ரேஷன்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்க கார்டு சென்னை அட்ரஸ்ல இருக்குன்னு விட்டுடாதீங்க, 2020 அக்டோபர்லருந்து தமிழ்நாட்டு கார்டுக்கு மாநிலத்துல எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கலாம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, வெளிய வாங்கற விலையோட ஒப்பிட்டா மாசம் நல்ல மிச்சம்.

புளி மாசி, பங்குனி, சித்திரைல வாங்கணும். கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டுலயும் புளிய மரம் அவ்ளோ, வீட்டு வாசல்ல பொம்பளைங்க உக்காந்து தட்டிக் கொட்டை எடுக்குறத நீங்களே பாப்பீங்க. புதுப் புளி செம்பழுப்பா இருக்கும், கறுத்துப் போனது போன வருஷத்துது. வருஷத்துக்கு வேணுங்கறத வாங்கி, கோது நார் எல்லாம் எடுத்து, வெயில்ல காயவச்சு, கல்லுப்பு தூவி மண்பானைல அமுக்கி வைங்க, ஒரு வருஷம் தாராளமா நிக்கும். மிளகாயும் அதே சீசன்தான்.

வெல்லத்துக்கு மட்டும் ஜாக்கிரதையா இருங்க. கடத்தூர், பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சுறாங்க, நல்ல வெல்லமும் இருக்கு, ஆனா பளிச்சுனு மஞ்சளா வேணும்னு ஜனங்க கேக்குறதால ஹைட்ரோஸ்ங்கற ரசாயனத்தப் போட்டு வெளுக்கறவங்களும் சர்க்கரை கலக்கறவங்களும் இருக்காங்க, உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க ரெய்டு பண்ணி சக்கரையும் ரசாயனமும் பிடிச்ச செய்தி அடிக்கடி வரும். கறுப்பா, அழுக்குப் பழுப்பா இருக்குற உருண்டைய கேட்டு வாங்குங்க. இத பொங்கல் நேரத்துல எல்லாரும் மறந்துடறாங்க. பொங்கலுக்கு மஞ்ச வெல்லம்தான் வேணும்னு வாங்குறவங்க நாமதான், அவங்க காய்ச்சுறாங்க.

எண்ணெய்ல ஒரு விஷயம். கடையில கேன்ல இருந்து ஊத்திக் குடுக்குற சில்லறை எண்ணெய் வாங்காதீங்க, உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெய பாக்கெட்டோ சீல் பண்ணின டப்பாவோ இல்லாம விக்கவே கூடாது. அதுல என்ன கலந்திருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஆனா நீங்களே நிலக்கடலைப் பருப்பு வாங்கிட்டுப் போய் செக்குல ஆட்டிட்டு வரலாம், அதுல தப்பில்ல, கூலி மட்டும் குடுத்தா போதும், சுமார் இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் வரும். நிலக்கடலை நம்ம காட்டுலயே விளையுறது, கண்ணால பாத்து வாங்கலாம்.

பாக்கெட்ல இப்ப நடக்குற அளவு விளையாட்டும் தெரிஞ்சுக்கோங்க, இது எல்லா ஊருக்கும் பொதுதான். முன்னாடி பிஸ்கட், எண்ணெய், பருப்பு மாதிரி சில பொருளுக்கு இன்ன அளவுலதான் பாக்கெட் போடணும்னு அட்டவணை இருந்துச்சு, 2021ல கொண்டு வந்த திருத்தத்துல அத எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் மாதிரியே இருக்கும், எடுத்துப் பாத்தா 850 கிராம்னு பொடி எழுத்துல இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்ன்னா கிட்டத்தட்ட 910 கிராம் இருக்கணும். விலை 5 ரூபா கம்மின்னு அத எடுத்துட்டு வந்தா உண்மைல நஷ்டம். இப்ப எம்.ஆர்.பி. பக்கத்துலயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலைன்னு போடணும்னு விதி இருக்கு, அந்த நம்பர மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. அரிசி மூட்டை ஏன் 26 கிலோன்னு உங்களுக்கு ஆச்சரியமா இருந்திருக்கும். 2022 ஜூலை 18லருந்து 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்துச்சு, அதுக்கு மேல போனா கிடையாது, அதனால மில்லுக்காரங்க ஒரு கிலோ சேத்துக் கட்டிட்டாங்க. 25 கிலோ சிப்பத்தயும் 26 கிலோ மூட்டையும் பக்கத்துல வச்சு விலை கேட்டா கிலோவுக்கு வகுத்துப் பாத்துதான் முடிவு பண்ணணும்.

இப்ப மிச்ச பாதி, கடைக்காரங்க தப்பு. எம்.ஆர்.பி.ங்கறது எல்லா வரியும் சேத்த உச்ச விலை, அதுக்கு மேல ஒத்த ரூபா வாங்குறதும் குத்தம். பால் பாக்கெட்டுக்கு ஃப்ரிட்ஜ் காசு, கூல்டிரிங்ஸுக்கு கூலிங் காசுன்னு எதுவும் கிடையாது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ, எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முத்திரை போடணும், அந்த சான்றிதழ கடையில பாக்குற மாதிரி மாட்டியிருக்கணும். எடை போடறதுக்கு முன்னாடி தராசு சைபர்ல நிக்குதான்னு பாருங்க, அட்டைப் பெட்டியோட சேத்து ஸ்வீட்டும் காரமும் எடை போட்டா பெட்டிய கழிக்கச் சொல்லுங்க. தமிழ்நாட்டுல இந்த எடை அளவு விஷயத்த தொழிலாளர் துறை பாக்குது, அவங்க முத்திரை ஆய்வாளர் கிட்ட எழுதிக் குடுக்கலாம். சாப்பாட்டுப் பொருள் கெட்டுப் போனது, தேதி முடிஞ்சதுன்னா மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். ஒண்ணும் புரியலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

ஆனா சின்ன ஊர்ல இருக்குற உண்மையான சங்கடம் சட்டம் தெரியாதது இல்ல, நாளைக்கும் அதே ஆள் முகத்துல முழிக்கணுமேங்கறதுதான். அவரு பையனும் உங்க பையனும் ஒரே ஸ்கூல், அவரு மச்சான் உங்க வீட்டு ஓனரு, எப்படிக் கேக்குறதுன்னு வாய மூடிட்டு வந்துடறோம். அதனாலதான் இது நடந்துட்டே இருக்கு. கூட்டம் இருக்குறப்போ கத்தாதீங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆளில்லாதப்போ பாக்கெட்ட எடுத்துட்டுப் போய் "அண்ணா இது தேதி முடிஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க"ன்னு கேளுங்க. பத்துல ஒம்பது பேரு மாத்திக் குடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் உங்களுக்குப் போடற சரக்கப் பாத்துப் போடுவாங்க. பில்லு வாங்கற பழக்கத்த விடாதீங்க, துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாலும் கடைப் பேரும் தேதியும் எழுதச் சொல்லுங்க. முகத்துல அடிச்ச மாதிரி "அப்படித்தான், வேணும்னா எடு"ன்னு ஒருத்தர் சொன்னாருன்னா அவருக்காக சங்கடப்படத் தேவையில்ல, போட்டோ எடுத்து புகார் குடுங்க. ஒழுங்கா வியாபாரம் பண்றவங்களுக்கு அது உதவிதான், என்னையும் சேத்து.

சேலம், பெங்களூர் போய் மொத்தமா வாங்கறதப் பத்தி கேட்டீங்க. சேலம் போக வர 130 கிலோமீட்டர், கார்ல போனா பெட்ரோலும் டோலும் சேத்து 1,000 ரூபா பக்கத்துல வந்துடும், ஒரு ஞாயித்துக்கிழமையும் போயிடும். பருப்பு மளிகைல கிலோவுக்கு அஞ்சு பத்து மிச்சம் பண்ணாலும் ஒரு குடும்பத்துக்கு அந்த 1,000 ரூபா தேறாது. வேற வேலையா போறப்போ நல்ல துவரம்பருப்பு, உளுந்து, மசாலா சாமான் மூணு மாசத்துக்கு லீ பஜார்ல வாங்கிட்டு வாங்க, அது சரி. அக்கம்பக்கத்துல நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை பருப்பு வாங்கிப் பிரிச்சுக்கிட்டாலும் கட்டும். பெங்களூர் மளிகைக்காகப் போறது வீண். காய்க்காகப் போனா இன்னும் வீண், ஓசூர்லருந்தும் ராயக்கோட்டையிலருந்தும்தான் அங்கயே காய் போகுது.

கடைசியா மாமியாருக்கு. சுகர் ஃப்ரீ பிஸ்கட், ஓட்ஸ் மாதிரி சாமான தெருக் கடையில போய் இருக்கான்னு கேக்காதீங்க, மாசத்துக்கு எவ்ளோ வேணும்னு ஒரு கடைக்காரர் கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுடுங்க. லைன் ஆளு வர்றப்போ உங்களுக்குன்னு எண்ணி எடுத்து வைப்பாரு, புது தேதியா வரும், அவருக்கும் தேங்காது. சுகர் ஃப்ரீன்னு போட்ட பிஸ்கட்ல மைதா எவ்ளோ இருக்குன்னு பின்னாடி படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. ராகி நல்லதுன்னு மூணு வேளையும் கூழா குடுத்தா அதுவும் சுகர ஏத்தும், டாக்டர் கிட்ட கேட்டு அளவு வச்சுக்கோங்க. சித்தேரி மலைப் பக்கத்து சாமை அரூர்ல கிடைக்கும், வெள்ளையா தீட்டினது வேணாம், லேசா பழுப்பா இருக்குறத வாங்குங்க. ஆனா அது தவிட்டோட இருக்குறதால சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும், ரெண்டு கிலோவுக்கு மேல ஒரே தடவையில எடுக்காதீங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கை அள்ளி மோந்து பாத்துடுங்க.